மழைக்கு வைத்த அழுகை

சிட்டம்மாளுக்கு நன்றாக அழத் தெரியும் என்று சொன்னால், அது யாருக்குத்தான் தெரியாது என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் உத்திரமேரூருக்கும் பெருநகருக்கும் நடுவில் இருக்கிற பத்துப் பதினைந்து ஊர்களில் அந்தக் காலத்தில் ஒரு சாவு விழுந்தால், மேளத்துக்கு ஆள் போவதற்கு முன்னால் சிட்டம்மாளுக்குத்தான் ஆள் போகும். அவள் வந்து வாயைத் திறக்கட்டும், அப்புறம் அழுதுகொள்ளலாம் என்று பிணத்துக்குச் சொந்தக்காரர்களே காத்துக்கொண்டிருந்த வீடுகள் உண்டு. நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

அவள் சேரிக்காரி. நடவு, களை, அறுப்பு என்று ஊரார் நிலத்தில் கூலிக்குப் போகிறவள். பெரிய வீட்டுச் சாவு என்றால் வாசலுக்கு வெளியே வேலி ஓரமாக நின்றுதான் பாடுவாள். உள்ளே இருக்கிற பெண்கள் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். ஆனால் உள்ளே வா என்று யாரும் சொன்னதில்லை. சொந்தத் தெரு என்றால் கதை வேறு. பெண்கள் வட்டமாகக் குந்தி, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, தலையோடு தலை சேர்த்து ஆடி ஆடி அழுவார்களே, அந்த வட்டத்தில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஆள் இருக்கும். முந்தின நாள் கிணற்றடியில் அவளோடு குடுமிப்பிடிச் சண்டை போட்டவள்கூட அன்றைக்கு அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுவாள்.

மற்றப் பெண்களுக்கு ஒப்பாரி தெரியாமலில்லை. அம்மா பாடியது, மாமியார் பாடியது என்று நெட்டுருப் போட்டு வைத்திருப்பார்கள். தங்கக் கட்டில், வெள்ளி விளக்கு, முத்துப் பல்லக்கு என்று ஒருநாளும் கண்ணால் பார்த்திராத சாமான்களையெல்லாம் செத்தவனுக்குக் கொடுத்து அழுவார்கள். சிட்டம்மாளுக்கு அந்தச் சாமான் ஒன்றும் வராது. செத்தவனின் துண்டு கொடியில் காய்வது கண்ணில் படும். அவ்வளவுதான், அதைப் பிடித்துக்கொண்டு பாட்டு வந்துவிடும். வந்தது வந்ததுதான். மறுநாள் யாராவது, நேற்றுப் பாடியதை இன்னொரு தரம் பாடு என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். கர்வம் பிடித்தவள் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவளுக்கு உண்மையிலேயே ஒரு வரிகூட ஞாபகம் இருக்காது.

"எங்கேர்ந்துடி வருது ஒனக்கு மட்டும்?" என்று ஒருநாள் நாற்று நட்டுக்கொண்டே கேட்டாள் செங்கேணி. இருவரும் ஒரே வயது, அடுத்தடுத்த குடிசை, ஒரே வரிசையில் நடவு நடுகிறவர்கள்.

"தெரியல. அடிவயித்துல இன்னாவோ பொரளும். நா வாயத் தொறந்து வழி வுடறேன், அவ்ளோதான்."

"சாமி வர மாதிரியா?"

"சாமி வந்தா யாரு, இன்னான்னு கேக்கலாம். இது யாருன்னே தெரியாது."

செங்கேணி அடுத்த நாற்றுக் கட்டைப் பிரித்தாள். பிறகு, "நா முந்திக்கினா நீ எனக்கு அழணும், ஆமா. அந்தக் கட்டிலு, பல்லக்கு எல்லாம் எனக்கு வாணாம்" என்றாள்.

"நா முந்திக்கினா?"

"எனக்கு இன்னா வரும்? ஒன் பாட்டுல நாலு வரி திருடி வெச்சிக்கீறேன். அத்த அழறேன்."

இருவரும் சிரித்த சிரிப்பில் வரப்பில் நின்ற மேஸ்திரி சத்தம் போட்டான். அது பேச்சோடு போன பேச்சு என்று நினைக்காதீர்கள். சிட்டம்மாள் அதை ஒரு வாக்காகவே எடுத்துக்கொண்டாள்.

அதே வருஷம் அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்து, ஏழாம் மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டது. பல் முளைக்காத பிள்ளைக்கு ஒப்பாரி வைத்தால் அடுத்தது தங்காது என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சு. அதனால் மேளமும் இல்லை, வட்டமும் இல்லை. அவள் புருஷன் எல்லப்பன் பிள்ளையை ஒரு துண்டில் சுற்றி ஆற்றங்கரைப் பக்கம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தான். பெண்கள் வந்து எட்டிப் பார்த்து, "வுடு சிட்டு, அடுத்தது பொறக்கும்" என்று சொல்லிவிட்டுக் களை பறிக்கப் போனார்கள். ஊரார் சாவுக்கெல்லாம் அழுதவள் தன் பிள்ளைக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்தது பிறக்கவும் இல்லை.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. அதற்கடுத்த வருஷமும் பொய்த்தது. ஏரிக்குள் மாடு மேய்ந்தது. பிறகு மேயவும் ஒன்றுமில்லாமல் போயிற்று. கொடும்பாவி கட்டி இழுத்துவிடலாம் என்று ஊர் கூடி முடிவு பண்ணியது.

கொடும்பாவி தெரியுமல்லவா? ஊருக்குள் யாரோ ஒரு மகாபாவி இருப்பதால்தான் மழை நின்றுவிட்டது. அவன் யார் என்று தெரியாது. தெரியாமலிருப்பதுதான் எல்லோருக்கும் சௌகரியம். அதனால் வைக்கோலில் ஓர் ஆளைச் செய்து, அவனே செத்த பாவி என்று பாடையில் போட்டுத் தெருத்தெருவாக இழுத்து, முறையாக ஒப்பாரி வைத்து, ஏரிக்குள் கொண்டுபோய்க் கொளுத்திவிடுவார்கள். வானம் மனம் இரங்கிவிடும். பாதி அது விளையாட்டுத்தான். ஆம்பிளைகளே முக்காடு போட்டுக்கொண்டு மாரில் அடித்துக்கொள்வார்கள், பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பின்னால் ஓடும்.

அந்த வருஷம் மாட்டுக்கே வைக்கோல் இல்லை, பாவிக்கு எங்கே போவது? கிடைத்த ஒரு பிடியில் கட்டினார்கள். மகாபாவி ஒரு கைக்குழந்தை அளவுதான் வந்தான். உதிர்ந்துவிடாமலிருக்க யாரோ ஒருவன் தன் துண்டை எடுத்து அதைச் சுற்றினான்.

சிட்டம்மாள் பார்த்தாள். துண்டில் சுற்றிய அந்தச் சின்ன உருவத்தின் பக்கத்தில் போய்க் குந்தினாள். மேளம் தொடங்குவதற்கு முன்னாலேயே குரல் எழும்பிவிட்டது.

"ஏணை கட்டத் துணியெடுத்தேன் – என் ராசா
விட்டத்துல கயிறு போட்டேன்
கட்டி வெச்ச ஏணையில – இப்போ
காத்து வந்து தூங்குதடா"

முக்காடு போட்டிருந்த ஆம்பிளைகள் முக்காட்டை எடுத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை அம்மாமார்கள் இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். பல் முளைக்காத பிள்ளையைப் புதைத்தவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்தி மட்டுமா? தெரு முழுக்க அழுதது. ஊர்த்தெரு, ஏரிக்கரை என்று போகிற வழியெல்லாம் அவள் பாடிக்கொண்டே போனாள். கொளுத்தும்போது நெருப்புக்குள் பாயப் போனவளைச் செங்கேணிதான் இடுப்பைக் கட்டிப் பிடித்து நிறுத்தினாள்.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. அப்படி இப்படி மழை இல்லை. ஒரே வாரத்தில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக மிச்சத் தண்ணீர் வழிந்தோடிற்று.

பெரிய வீட்டு ராஜாராம் சேரிக்குள் அதுவரை கால் வைத்ததில்லை. ஊரில் பாதி நிலம் அவருடையது. கொஞ்சம் புஸ்தகம் படிக்கிறவர். மழை விட்டதும் குடையை ஊன்றிக்கொண்டு சேரி முனை வரைக்கும் வந்து நின்றார். அன்றைக்குப் பாடியதைச் சொல்லு, எழுதிக்கொள்கிறேன் என்றார். ஞாபகமில்லை என்றாள் அவள். அவள் பாட்டுத்தான் மழையைக் கொண்டுவந்தது என்கிற நம்பிக்கை அவருக்கு இன்னும் பலப்பட்டுவிட்டது.

"பாத்தியா, அதான். இது உன் பாட்டு இல்ல. உன் வாய் வழியா வந்துது. பாட்டு கட்டறவன் வாக்குக்கு அந்தக் காலத்துல ராஜாக்களே பயந்துகினு இருந்தாங்க. வாழ்ன்னா வாழ்வான், ஒழின்னா ஒழிவான்."

சிட்டம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இனிமே நீ எந்தச் சாவுக்கும் அழக் கூடாது. உன்கிட்ட இருக்கறது ஊருக்குப் பொது. ஏரித் தண்ணி மாதிரி. கண்டவன் சாவுக்கெல்லாம் மடையத் தொறந்து வுட்டுட்டா, பஞ்சம் வந்தா இன்னா பண்றது?"

"ஆண்டே, அது அப்பிடி நிக்காதுங்களே. வந்தா வந்துடும்."

"நிறுத்திப் பழகு."

அதற்குப் பதிலாக அறுப்புக்கு அறுப்பு ஒவ்வொரு களத்திலும் அவளுக்கு ஒரு முறம் நெல் என்று தீர்மானம் ஆயிற்று. எல்லப்பன் அவர் நின்ற திசையைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். தான் அழுதது மழைக்காக இல்லை, ஏழு மாதத்துப் பிள்ளைக்காக என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மட்டும் கேட்டிருப்பார்களா? தன் பிள்ளைக்கு அழுதவளுக்கு எந்த ஊர் நெல் கொடுக்கும்?

நெல் வந்தது. மற்றதெல்லாம் போயிற்று.

சாவு வீட்டுக்குப் போனால் பெண்கள் வட்டத்தை இறுக்கிக்கொண்டார்கள். அவள் எதிர்ச்சுவர் ஓரமாக முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார வேண்டும். சொந்த அத்தை செத்த அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அதையாவது ஊர்க் கட்டுப்பாடு என்று பொறுத்துக்கொள்ளலாம். மற்றது இருக்கிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் பக்கத்துத் தெருக்காரியின் ஆடு அவள் கீரைப் பாத்தியை மேய்ந்துவிட்டது. நாலு வார்த்தை ஏசலாம் என்று ஆசையோடு வாயெடுத்தாள். ஆட்டுக்காரி தடாலென்று காலில் விழுந்து, "ஒண்ணும் சொல்லிடாதக்கா, புள்ளகுட்டிக்காரி" என்றாள். கிணற்றடியில் அவள் குடம் வைத்தால் முன்னால் நிற்கிறவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வரும். கூடவே, வாசலோடு பார்த்துவிட்டுப் போ என்கிற சொல்லும் வரும்.

எல்லப்பன் இன்னும் மோசம். முன்பெல்லாம் குழம்பில் உப்பு குறைந்தால் சட்டியை உருட்டுகிறவன், இப்போது உப்பே இல்லாத குழம்பை, "நல்லா கீது, நல்லா கீது" என்று தின்றான். பெண்டாட்டி வாய்க்குப் பயந்து எத்தனை நாள் ஒருவன் வீட்டில் படுப்பான்? மெட்ராசில் மூட்டை தூக்கப் போகிறேன் என்று போனான். பொங்கலுக்கு வருவான், ஒரு புடவையை வைத்துவிட்டுப் போவான்.

சண்டை போடக்கூட ஆளில்லாத தெருவில் குடியிருந்து பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும். தனியாக ஆற்றங்கரைப் பக்கம் புல்லறுக்கப் போகும்போது, இங்கே யார் கேட்கப் போகிறார்கள் என்று அவள் பாடிப் பார்த்திருக்கிறாள். வாயைத் திறந்தால் வெறும் காற்றுத்தான் வந்தது. பாட்டு வர எதிரில் ஒரு முகம் வேண்டும் போலிருக்கிறது, செத்த முகமாவது. ராஜாராம் சொன்னபடி அது உள்ளே தேங்கிக்கொண்டிருக்கிறதா, இல்லை அப்படியே வற்றிவிட்டதா என்று அவளுக்கே தெரியவில்லை. அந்தப் பயத்தையும் யாரிடம் சொல்வது?

செங்கேணியிடம் சொன்னாள். அவள் ஒருத்திதான் மாறவில்லை.

"நீ வாயத் தொறந்தா நா எரிஞ்சி பூடுவனா? தொற, பாப்போம்" என்பாள். "ஊரே ஒன்னப் பாத்து பயப்புடுது, நீ ஒன் வாயப் பாத்து பயப்புடற. நல்ல பொழப்புடி ஒங்க பொழப்பு." வேண்டுமென்றே அவள் அடுப்பிலிருந்து கேட்காமல் குழம்பை எடுத்துக்கொண்டு போவாள், சிட்டம்மாள் வாசலில் நின்று கத்துவாள். அந்தக் கத்தல் இல்லாவிட்டால் அவளுக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். செங்கேணிக்கு அது தெரிந்தே இருந்தது.

மூன்று வருஷம் கழித்து மறுபடியும் வானம் ஏமாற்றியது. முதல் வருஷம் அரை விளைச்சல், அடுத்த இரண்டு வருஷம் நடவே இல்லை. சேரிப் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு கஞ்சித் தொட்டிக்குப் போயின. ஏரிக்குள் தோண்டிய குழியில் சுரந்த சேற்றுத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். செங்கேணிக்கு வாந்தியும் பேதியும் கண்டது. வண்டி கேட்டுப் போன ஆள் திரும்புவதற்குள் அவளுக்குக் கண் உள்ளே போய்விட்டது. சிட்டம்மாள் அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பவளத்துக்கு அழத் தெரியாது" என்றாள் செங்கேணி. பவளம் அவள் மகள், பதினாறு வயசுப் பெண், ஒரே பிள்ளை. "நீ கீறியே" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். விடிந்து கொஞ்ச நேரத்தில் உயிர் போய்விட்டது.

சிட்டம்மாள் தன் குடிசைக்கு வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு கிளம்பும்போது வேதகிரி வாசலில் நின்றான். சேரிக்குப் பெரியதனக்காரன்; கெட்டவன் இல்லை.

"வர வெள்ளிக்கிழம கொடும்பாவி. ஆண்டே சொல்லி வுட்டாரு. செங்கேணி வூட்ல நீ ஒக்காரு, வாணாங்கல. வாயத் தொறக்காத."

"செங்கேணிடா."

"தெரியும். எனக்கும் மனசு ஆறல. ஆனா கஞ்சித் தொட்டியில நிக்கிற பசங்கள நெனச்சிப் பாரு. நாலு நாளு அடக்கினா போதும். வெள்ளிக்கிழம அவளுக்கும் சேத்து அழுதுக்கோ, யாரு கேக்கப் போறா?"

வைக்கோலுக்கு அழு, அதற்குள் உன் சிநேகிதியையும் வைத்துக்கொள் என்கிறான். ஒரு தரம் அவள் அப்படித்தானே பண்ணினாள்? சிட்டம்மாளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அந்தப் பிள்ளைகளின் வயிறு அவளுக்கும் தெரியும். ஆனால் செங்கேணி என்ன பாவம் பண்ணினாள், ஊமையாகச் சுடுகாட்டுக்குப் போக? ஆறு வருஷமாகத் தன்னோடு வாய் திறந்து பேசிய ஒருத்திக்கு வாய் திறந்து அழ முடியாது என்றால் இந்த வாய் எதற்கு? போகிற வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு போனாள். அங்கே போய் உட்கார்ந்தும் பாட்டு வரவில்லையென்றால் என்ன செய்வது என்கிற பயமும் கூடவே வந்தது.

குடிசை வாசலில் ஓலைப் பந்தல் போட்டு, கீழே கிடத்தியிருந்தார்கள். பத்துப் பதினைந்து பெண்கள் வட்டமாகக் குந்தியிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் தோளோடு தோள் நெருக்கிக்கொண்டார்கள். பவளம் தலைமாட்டில் கண்ணில் நீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். சிட்டம்மாள் எதிர்ச்சுவர் பக்கம் போகவில்லை. வட்டத்தைத் தாண்டி நேரே போய்ச் செங்கேணியின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

மஞ்சள் பூசிய கால். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வருஷா வருஷம் நடவுச் சேற்றில் நின்று விரலிடுக்கெல்லாம் புண்ணாகி வெடித்துக் கிடக்கிற கால் அது. இரண்டு வருஷமாக நடவு இல்லையே, புண்ணெல்லாம் ஆறி, கல்யாணப் பெண்ணின் கால் போல் மழமழவென்று இருந்தது. உயிரோடிருந்த நாளில் செங்கேணிக்கு இப்படி ஒரு கால் வாய்த்ததே இல்லை.

"சேத்துப்புண்ணு ஆறிப்போயி – என் செங்கேணி
செவந்திருக்கு உன் காலு
நாத்து நட வயலுமில்ல – உன்ன
நடக்கச் சொல்ல ஆளுமில்ல"

வேதகிரி பந்தலுக்குள் இரண்டு அடி எடுத்து வைத்து நின்றுவிட்டான். மேளக்காரர்கள் குச்சியைக் கீழே வைத்தார்கள். ஆறு வருஷத்துக் குரல்; கரகரவென்று தொடங்கி மெல்ல மெல்லத் திறந்தது. சிட்டம்மாளுக்குக் கண் மூடிக்கொண்டது. வற்றவில்லை, இருக்கிறது என்று ஒரு கணம் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. உடனே அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கமாக இருந்தது.

"ஏசினவ நீ ஒருத்தி – எனக்கு
எதுத்துப் பேச நீ ஒருத்தி
பேச்சில்லாத ஊருக்குள்ள – என்னப்
பின்னால வுட்டுப் போறியேடி"

இப்போது வந்துவிடுவார்கள் என்று நினைத்தாள். இந்த வரிக்கு அழாத பெண் யார்? ஒருத்தி வந்து சாய்ந்தால் போதும், மற்றவர்கள் தானாக வருவார்கள். ஆறு வருஷத்தைச் சேர்த்து அழுதுவிடலாம். பாடிக்கொண்டே காத்திருந்தாள். புடவைகள் சரசரத்தன, எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. யாரும் பக்கத்தில் வரவில்லை.

கண்ணைத் திறந்தாள். வட்டம் காலியாக இருந்தது. பெண்கள் பந்தலுக்கு வெளியே தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். மேளக்காரர்கள் பார்த்தார்கள். வாயைத் திறக்காதே என்று சொன்ன வேதகிரியும் பார்த்தான். ஒரு சின்னப் பெண் கையை நீட்டிப் பிடித்து, துளி ஏதாவது விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது. செங்கேணியைப் பார்க்க ஒருவரும் இல்லை.

பாட்டு பாதி வரியில் தடுமாறியது.

அப்போது பவளம் தலைமாட்டை விட்டு எழுந்து வந்தாள். பக்கத்தில் குந்தினாள். சிட்டம்மாளின் தோளைச் சுற்றிக் கை போட்டு, நெற்றியை அவள் நெற்றியோடு சேர்த்தாள். சாவு வீட்டில் அவள் தோளில் ஒரு கை விழுந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. இளம் கையின் சூடு ஈரப் புடவை வழியாகத் தோளில் இறங்கியது. இந்தப் பெண்ணாவது அம்மாவுக்கு அழ வந்தாளே என்று அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

பவளம் அவள் காதோரம் மெதுவாகச் சொன்னாள்:

"நிறுத்தாத பெரிம்மா. மேற்கால கருத்துக்கினு வருது. இன்னும் கொஞ்சம் அழு."

நிறுத்தினால் அந்தக் கையை எடுத்துக்கொண்டு அவளும் எழுந்து போய்விடுவாள் என்று சிட்டம்மாளுக்குத் தெரிந்தது. அவள் நிறுத்தவில்லை.